ஆஸ்பத்திரி வீதியின் தாய்மாமன்கள்

நூற்பாளையம் பிரசவ ஆஸ்பத்திரியின் வாட்ச்மேன் கருப்பணன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர், மீசையை மட்டும் இன்னும் டியூட்டியில் வைத்திருந்தவர், ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் கேட் ஓரமாக நாற்காலி போட்டு வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தபோது, கடித்த பிஞ்சைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி கத்துவதுபோல் கத்தினார். குரல் அவருடையதுதான்; கத்தல் அவருடையதில்லை. எதிர்க்கடையில் ஆறுச்சாமி ஆற்றிக்கொண்டிருந்த டீ அவன் கையிலேயே கொட்டியது, பூக்காரம்மாவுக்கு முழக்கணக்கு மறந்தது, பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்களில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் தங்களை அறியாமல் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள், ஏனென்றால் அது எங்கிருந்து கிளம்பி வருகிற சத்தம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் உள்ளே லேபர் வார்டில் ஜெபமணி சிஸ்டர் மேசையில் உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, வேலைக்கென்று இந்த மில் ஊருக்கு வந்து தலைமுடி பாதி நரைத்துவிட்டது, கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை, கோபம் வந்தால் மட்டும் பேச்சு தாமிரபரணிக் கரைக்குப் போய்விடும். அவளுக்கு ஒரு பெருமை உண்டு: கையால் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே காதால் கேட்டுப் பிரசவ நேரம் சொல்லிவிடுவாள். "ஐயோ" என்று கத்தினால் போய் நடந்துவிட்டு வா. "அம்மா" என்று கத்தினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. "எங்க அந்தப் பாவி, அவனக் கூப்பிடு" என்று புருஷனை ஏச ஆரம்பித்தால் கட்டிலை ஒழித்து வை. அதற்கும் மேலே போய்ச் சொல்லே இல்லாமல் வெறும் சத்தமாக வந்தால் ஜெபமணி சிஸ்டர் எழுந்து கிளவுஸ் மாட்டுவாள். இப்படிக் கத்தலை நம்பிப் பிழைக்கிறவள் கத்துகிறவர்களை விடுவாளா என்றால் அதுதான் இல்லை. "கத்தாத பிள்ளே! உலகத்துல நீ ஒருத்திதான் பிள்ளை பெறுதியாக்கும்?" என்று மேசையிலிருந்தே ஒரு அதட்டல் போடுவாள். நூற்பாளையத்தில் பாதிப் பேர் அந்த அதட்டலைக் கேட்டுக்கொண்டேதான் பூமிக்கு வந்தார்கள்.

அன்றைக்குக் காலையிலேயே வெளிப்பெஞ்சில் சுக்மதி வந்து உட்கார்ந்திருந்தாள். வடக்கே எங்கோ மலைக்காட்டு ஊர், ஸ்பின்னிங் மில்லில் வேலை, தலைப்பிரசவம், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. கூட ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது, வருவதற்குத்தான் பெண் இல்லை; அவள் ஊர்ப் பெண்களெல்லாம் ஷிப்டில் இருந்தார்கள். வந்ததும் சிஸ்டர் ஒருமுறை பார்த்து, "நேரம் கிடக்கு, உக்காரு" என்று கையைக் காட்டினாள். அப்புறம் போகும்போதும் வரும்போதும் காதைத் தீட்டினாள். பெஞ்சிலிருந்து மூச்சு முட்டுகிற சத்தம்கூட வரவில்லை. ஒருதடவை பக்கத்தில் போனபோது அந்தப் பெண் எட்டி சிஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள், அப்படி ஒரு பிடி, ஆனால் வாயில் சத்தமில்லை, முகத்தில் அழுகையில்லை. "விடும்மா, கையில கிளவுஸ் இருக்கு, அழுக்காயிரும்" என்று சிஸ்டர் விரல் விரலாகப் பிரித்துவிட்டு, "கத்தக்கூட ஆரம்பிக்கல, அதுக்குள்ள என்ன" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அப்போதுதான் கேட்டில் கருப்பணன் கத்தினார். ஆம்பளை கத்தினால் கேட்கவா வேண்டும், ஆஸ்பத்திரியே ஓடியது. டாக்டரம்மா ஓடினார், ஆயா ரங்காத்தா ஓடினாள், ஜெபமணி சிஸ்டரும்தான் ஓடினாள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போட்டு பி.பி. பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், வாயு என்றார்கள், மாரடைப்பு என்றார்கள், கிட்னியில் கல் என்றார்கள். ஈசிஜி பட்டை நேர்த்தியாக வந்தது. மனுஷன் மட்டும் விட்டு விட்டுக் கத்தினார், கத்தி முடித்ததும் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, என்னைய விடுங்க" என்று வெட்கப்பட்டார், மறுபடியும் சாய்ந்து கத்தினார். கடைசியில் அவர் வாயிலிருந்து சொல்லே இல்லாத சத்தம் வந்தது. ஜெபமணி சிஸ்டருக்கு அது எந்தச் சத்தம் என்று தெரியும். கை தானாக கிளவுஸைத் தேடியது. திரும்பி ஓடி வெளிப்பெஞ்சுக்குப் போனபோது சுக்மதி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள், உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது, சேலை நனைந்து பெஞ்சின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது, தண்ணீர் பச்சையாக இருந்தது, பிள்ளை உள்ளேயே திணறி மலம் கழித்திருந்தது. பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. சிஸ்டர் தலைகீழாகப் பிடித்தாள், முதுகைத் தேய்த்தாள், ஊதினாள், கெஞ்சினாள். சுக்மதி அப்போதும் கத்தவில்லை. கருப்பணன் சத்தமும் நின்றுபோயிருந்தது.

இதற்கு என்ன காரணம் என்று கேட்காதீர்கள், நூற்பாளையமும் கேட்கவில்லை. ஊருக்கு அதைவிடப் பெரிய வேலைகள் வந்துவிட்டன. ஏனென்றால் அந்த மலையூரிலிருந்து மில்லுக்கு வந்த பெண்கள் ஒருவர் இருவரில்லை, வந்தவர்கள் பிள்ளை பெறாமல் இருக்கப்போவதுமில்லை, ஒவ்வொருத்தியும் லேபர் வார்டில் வாயை இறுக மூடிக்கொண்டு படுத்ததும் அவள் விழுங்கிய சத்தம் சுவரைத் தாண்டி ஆஸ்பத்திரி வீதிக்கு வந்து, கண்ணில் பட்ட ஆம்பளை வாயில் புகுந்தது. ஏன் ஆம்பளை வாய் என்றால், உள்ளே இருந்த பெண்களின் வாயெல்லாம் ஏற்கெனவே வேலையில் இருந்தன, பிரசவிக்கிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், சிஸ்டர் அதட்டிக்கொண்டிருந்தாள். காலியாக இருந்தது வீதியில் சும்மா நின்ற ஆம்பளைகள் வாய்தான் என்று ரங்காத்தா சொன்னாள். அதற்குமேல் யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

வீதி பழகிக்கொண்டது, வேறென்ன செய்யும். ஆறுச்சாமி டீயை எட்ட வைத்து ஆற்றக் கற்றுக்கொண்டான். மில் பெண் யாராவது ஆட்டோவில் வந்து இறங்கினால் சலூனில் கத்தியை மடித்து வைத்துவிட்டு, முகத்தில் சோப்போடு இருப்பவரை அப்படியே உட்கார வைத்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் அந்த வீதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு மாப்பிள்ளை சுற்றாமல் போய், பெண் வீட்டார் எதிரிலேயே பந்தாவாக நின்றபடி கத்தித் தொலைத்தான், "நாளைக்கு நம்ம புள்ளையோட வலி தெரிஞ்சவனா இருப்பான்" என்று பெண் வீட்டார் அன்றைக்கே தட்டை மாற்றினார்கள். கத்தி முடித்த ஆம்பளைகள் துவண்டுபோய் வீட்டுக்குப் போனார்கள், பெண்டாட்டிமார் முதலில் சிரித்தார்கள், பிறகு வெந்நீர் வைத்து ஊற்றி, பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். படுத்துக்கொண்டே விட்டத்தைப் பார்த்தபடி, "ஏனுங்க அம்மணி, நம்ம பெரியவன் பொறந்தப்ப உனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?" என்று கேட்ட புருஷன்மார் உண்டு. "இப்பக் கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போன பெண்டாட்டிமாரும் உண்டு.

முறை என்று ஒன்று வேண்டுமே, அதையும் ரங்காத்தாவே சொல்லிவிட்டாள். முதல்முறை கத்தி முடித்த கையோடு நழுவப் பார்த்த பழக்கடைக்காரனைக் கேட்டில் மறித்து, "ஏப்பா, கத்திப்போட்டு அப்பிடியே போயிருவியா? பொண்ணு வலியில கெடக்கறப்ப கூட நிக்கறவன் யாரு? பொறந்தவன்தான? அப்ப நீதான் மாமன். சீர் செய்யாமப் போனீன்னா நல்லா இருக்காது பாத்துக்க" என்றாள். பழக்கடைக்காரன் யோசித்துப் பார்த்தான், ஞாயமாகத்தான் பட்டது. மறுநாள் ஒரு பொட்டலம் கல்கண்டும் தொட்டில் துணியும் வாங்கி வந்தான். அதிலிருந்து யார் வாயில் சத்தம் வந்ததோ அவன் அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். பெயர்கூடச் சொல்லத் தெரியாத மலைக்காட்டுப் பிள்ளைகளுக்கு நூற்பாளையத்தில் மெக்கானிக் மாமன், எல்.ஐ.சி. ஏஜெண்டு மாமன், கறிக்கடை மாமன் என்று ஆட்கள் முளைத்தார்கள். பிறந்த பிள்ளை நாக்கில் மாமன் இனிப்பு வைப்பதை மட்டும் ஜெபமணி சிஸ்டர் விடவே மாட்டாள். "தாய்ப்பாலத் தவிர ஒரு பொட்டு எதுவும் வாயில போகப்படாது, மாமனும் மண்ணாங்கட்டியும்" என்று கல்கண்டுப் பொட்டலத்தோடு விரட்டுவாள்.

கருப்பணன்தான் எல்லாருக்கும் முதலில் கத்தியவர். அவர் கத்தும்போது இந்த முறை எதுவும் இல்லை. பழக்கடைக்காரன் தொட்டில் துணியோடு உள்ளே போவதைக் கேட்டில் நின்று பார்த்தவர், அன்று சாயங்காலம் சலூனுக்குப் போய், சாவு வீட்டுக்காரன் மாதிரி மீசையை எடுத்துவிட்டு வந்தார். ஜெபமணி சிஸ்டர் டியூட்டி முடிந்து கேட்டைத் தாண்டும்போது அந்த வெறும் மேலுதட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்கு அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் உட்கார்ந்தால் நாற்காலி குத்தியது. நின்றால் கால் நடக்கச் சொன்னது. நடந்தால் எதையோ மறந்துவிட்டு நடக்கிற மாதிரி இருந்தது. சுக்மதி பிடித்த மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள். வீதியில் எவனாவது கத்தினால் இப்போதெல்லாம் நேரே மலைக்காட்டுப் பெண்ணின் கட்டிலுக்கு ஓடினாள், வெளியே கேட்கிற ஆம்பளைக் கத்தலை வைத்தே உள்ளே நேரம் கணித்தாள், அதில் ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. தவறாத பிள்ளைகள் ஒவ்வொன்றும் தவறிய பிள்ளையை ஞாபகப்படுத்தின. என்ன ஜென்மம் இது என்று அவள்மேல் அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருகிற அதே ரொட்டியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு, மில் குவார்ட்டர்ஸைத் தேடிப் போனாள். சுக்மதியின் புருஷன் மங்ரூ கதவைத் திறந்தான். பஞ்சு குடோனில் மூட்டை தூக்கிக் கற்ற தமிழ் அவனுடையது, அதில் 'நீங்கள்' கிடையாது, எல்லாருக்கும் 'நீ'தான். "வா சிஸ்டர், நீ உக்காரு" என்றான். வேறு நாளாக இருந்தால் சிஸ்டருக்குச் சுர்ரென்றிருக்கும். உட்கார்ந்தாள். சுக்மதி சுவரோரம் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வயிறு மறுபடியும் மேடிட்டிருந்தது. அவள் சிஸ்டர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"ஏன் கத்தலன்னு கேளுப்பா" என்றாள் சிஸ்டர். "வலிச்சிருக்கும்ல. ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் கொடுத்திருந்தா நான் வந்திருப்பேன்ல."

மங்ரூ கேட்டான். சுக்மதி அரிசியிலிருந்து கண்ணெடுக்காமல் ரொம்ப நேரம் பேசினாள்.

"இது சொல்லுது," என்றான் மங்ரூ, "எங்க ஊர்ல வலி வந்த பொண்ணு வாய் தொறக்காது. காட்டுக்குக் காது இருக்கு சிஸ்டர். புள்ள எங்க வருதுன்னு கேட்டுச்சுன்னா அங்க வந்துரும், புள்ள எடுத்துக்கும். அதனால பக்கத்துல ஒரு பொம்பளை உக்காரும். கை குடுக்கும். வலிக்குற பொண்ணு அந்தக் கை புடிச்சுக்கும், கை குடுத்த பொம்பளை கத்தும். காடு கத்துற பொம்பளைகிட்ட வந்து பாக்கும், புள்ள இருக்காது, ஏமாந்து போயிரும். இங்க புள்ள பொறந்துரும்." அவன் சிஸ்டரின் கையைக் காட்டினான். "இது உன் கை புடிச்சுது சிஸ்டர். நீ எடுத்துட்ட."

"கையில கிளவுஸ் இருந்துச்சுப்பா" என்றாள் ஜெபமணி சிஸ்டர். சொன்ன பிறகு அந்த வார்த்தை அறைக்குள் எங்கே போய் உட்கார்வது என்று தெரியாமல் நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தடவை நான் இருக்கேன்னு சொல்லு. கை தாரேன்னு சொல்லு" என்றாள்.

சுக்மதி முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்து ஏதோ கேட்டாள். மங்ரூவுக்குச் சங்கடமாக இருந்தது.

"என்னப்பா?"

"உனக்குக் கத்த வருமான்னு கேக்குது."

ஜெபமணி சிஸ்டர் அன்று வீட்டுக்கு நடந்தே வந்தாள். கத்த வருமா என்று யோசித்துப் பார்த்ததில், பிறந்ததிலிருந்து கத்தியதாக அவளுக்கு ஞாபகமில்லை. அப்பா செத்தபோது எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தவள் அவள். வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளியலறையில் கத்திப் பார்த்தாள்; வந்தது என்னவோ அதட்டல்தான். தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினாள், இருமல் வந்தது. கீழ்வீட்டுக்காரர் வந்து, "என்னுங்க சிஸ்டர், யாரையாவது வையறீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். சவம், மத்தவங்க கத்துததக் கேட்டே காலம் போயிட்டு, என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் வீதி வியாபாரிகள் சங்கம் திரண்டு வந்தது. ஆறுச்சாமிதான் பேசினான். "நம்மளுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. மாமன் மொறைன்னா சந்தோசந்தானுங்க. ஆனா பாருங்க, எனக்கு மட்டும் இந்த வருசம் எத்தன தங்கச்சிங்க! தொண்ட கட்டிப்போச்சு, யாவாரமே நடக்கறதில்லீங்க." ஆஸ்பத்திரி சூப்பிரண்டெண்ட் இதற்கு வழி கண்டுபிடித்தார், பெரிய இடத்தில் உட்கார்ந்தவர்கள் கண்டுபிடிக்கிற மாதிரி வழி: மலைக்காட்டுப் பெண்களைச் சொந்த வாயால் கத்த வைப்பது, அதற்குப் பொறுப்பு ஜெபமணி சிஸ்டர். அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆயுசு முழுக்கக் "கத்தாதே" என்றவள், வாரத்தில் ஒருநாள் கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்து, "ஆ சொல்லு, ஐயோ சொல்லு, கத்து தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள். அவர்கள் சிஸ்டருக்கு என்ன சீக்கோ என்று இரக்கமாகப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி எழுந்து வந்து சிஸ்டரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கடைசியில் லேபர் வார்டையே ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம் கட்டிய புதுக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். சுற்றிலும் சோளக்காடு, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள், வீதி இல்லை, கடை இல்லை, ஆம்பளை வாடையே இல்லை. மாற்றின முதல் வாரம் சத்தம் பைபாஸ் வரைக்கும் தேடிப் போய், லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தர் வாயில் ஏறி, லாரி சோளத்துக்குள் இறங்கிவிட்டது. பிள்ளை சுகமாகப் பிறந்தது, டிரைவரும் சீர் செய்துவிட்டுத்தான் போனார். அதோடு போலீஸ் அந்தப் பக்கத்து ரோட்டையும் தடுப்பு வைத்து அடைத்துவிட்டது. கருப்பணனைப் பழைய கட்டிடத்துக்குக் காவலாக விட்டுவிட்டார்கள்.

சுக்மதி வந்தது அதற்கு அப்புறம்தான்.

மத்தியான வெயில், சோளத்தட்டையில் காற்று சரசரவென்று அலைந்துகொண்டிருந்தது. மங்ரூவைத் தடுப்புக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மா பக்கத்துத் தியேட்டரில் சிசேரியன் கேஸில் இருந்தார். பிள்ளையின் துடிப்பையும் வலியையும் காட்டுகிற புது மெஷின் ஒன்று வந்திருந்தது, திறப்பு விழாவுக்கு வருகிற பெரிய மனிதர் கையால்தான் உறை பிரிக்க வேண்டும் என்று மூலையில் பிளாஸ்டிக் தாளோடு நின்றது. சுக்மதி கட்டிலில் படுத்து வாயை மூடிக்கொண்டாள். ஜெபமணி சிஸ்டர் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினாள். வெளியே காற்றுதான் இருந்தது. சுக்மதியின் வயிற்றில் கை வைத்தாள், கல்லாக இறுகுவதும் இளகுவதும் தெரிந்தது, குழாயை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டாள், இருந்தது, மறுபடி கேட்டாள், மெதுவாகிக்கொண்டு இருந்தது. சுக்மதியின் முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது, கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தன, போக்கிடம் இல்லாத சத்தம் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து பிள்ளையையும் வரவிடாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று சிஸ்டருக்குத் தோன்றியது. போன தடவை மாதிரி, போன தடவை மாதிரி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"மூச்ச விடு, முக்கு, கத்து பிள்ளே, கத்தித் தொலையேன், உன் காடு இங்க இல்ல, இது வெறும் சோளக்காடு, இதுக்குக் காது கெடையாது, ரங்காத்தா, டாக்டரம்மாவக் கூப்பிடு, முக்கு தாயி, எனக்கு என்ன செய்யன்னு தெரியலியே, இயேசப்பா..." நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள், பயந்தால் அவளுக்குப் பேச்சுதான் வரும்.

சுக்மதி கையை நீட்டினாள். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. வியர்த்துப்போன உள்ளங்கையால் சிஸ்டரின் வாயைப் பொத்தினாள்.

ஜெபமணி சிஸ்டர் அடங்கிப்போனாள். அந்த வாய் டியூட்டி நேரத்தில் சும்மா இருந்தது அன்றைக்குத்தான். பிறகு அவளே கிளவுஸை உருவிக் கீழே போட்டுவிட்டு, வெறும் கையைக் கொடுத்தாள். சுக்மதி அந்தப் பழைய பிடியைப் பிடித்தாள்.

முதலில் இடுப்பில் யாரோ கயிற்றைக் கட்டி இழுத்த மாதிரி இருந்தது. இழுப்பு ஏறியது, முதுகைச் சுற்றி வந்தது, நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது, வாய் திறந்தது. ஜெபமணி சிஸ்டர் கத்தினாள். "ஐயோ"வும் இல்லை "அம்மா"வும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே சொல்லில்லாத சத்தம். சுக்மதியின் வலி அதில் இருந்தது, அதோடு வாயில் ஊதி ஊதியும் அழாத அந்த ஆண் பிள்ளைக்காகச் சிஸ்டர் அழாமல் வைத்திருந்தது எல்லாம் சேர்ந்துகொண்டது, அவள் கத்தினாள், மூச்சு வாங்கிவிட்டு இன்னும் கத்தினாள், கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன, சோளத்துக்குள்ளிருந்து காக்கைகள் கிளம்பின, அடுத்த கட்டிலில் வலியோடு இருந்த உள்ளூர்ப் பெண் தன் கத்தலை மறந்து எட்டிப் பார்த்தாள்.

வார்டு முழுக்க ஓடி வந்தது. டாக்டரம்மா தையலை முடித்த கையோடு, ரத்தத்தோடு தியேட்டரிலிருந்து வந்தார், "சிஸ்டர், என்ன பண்ணுது, நெஞ்சு வலியா? யாராவது ஈசிஜி கொண்டு வாங்க!" என்று சிஸ்டரைத் தாங்கப் போனார். ரங்காத்தா ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு வந்தாள். ஜெபமணி சிஸ்டர் இரண்டு கத்தலுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "என்னப் பாக்காதீங்க! அவளப் பாருங்க! அவளப் பாருங்க!" என்றாள்.

டாக்டரம்மா திரும்பினார். தலை தெரிந்தது.

காடு வந்து பார்த்திருந்தால் நரைத்த தலையோடு கத்திக்கொண்டிருந்த ஒரு பொம்பளையைத்தான் பார்த்திருக்கும், அவளிடம் பிள்ளை ஏது. பிள்ளை இந்தப் பக்கம் டாக்டரம்மா கையில் வழுக்கிக்கொண்டு வந்தது. பெண் பிள்ளை. ஒரு நொடி சும்மா இருந்தது. அந்த ஒரு நொடியில் சிஸ்டரின் கத்தலும் நின்றது. பிறகு பிள்ளை அழுதது. அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை, தாயும் விழுங்கவில்லை பிள்ளையும் விழுங்கவில்லை என்கிற மாதிரி. ஜெபமணி சிஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையை எடுக்கவில்லை. சுக்மதியும் விடவில்லை.

ரங்காத்தா இடுப்பில் கை வைத்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொன்று வராது.

"ஏனுங்க சிஸ்டர்," என்றாள், "ஒலகத்துல நீங்க ஒருத்திதான் புள்ள பெக்கறீங்களா?"

வார்டே சிரித்தது. பதில் சொல்ல ஜெபமணி சிஸ்டர் வாயைத் திறந்தாள். குரல் சுத்தமாகப் போயிருந்தது, காற்றுதான் வந்தது.

சாயங்காலம் தடுப்பை எடுத்ததும் மங்ரூவுக்குப் பின்னால் கருப்பணனும் வந்தார். மங்ரூ போன் போட்டிருந்தான் போலிருக்கிறது, பழைய கேட்டைப் பூட்டிவிட்டு சைக்கிளில் வந்திருந்தார். கட்டில் பக்கம் வந்து விறைப்பாக நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு கல்கண்டுப் பொட்டலத்தை எடுத்தார். காகிதம் பழுப்பேறி, மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

"ஏப்பா, இந்தத் தடவ கத்துனது சிஸ்டருப்பா" என்றாள் ரங்காத்தா. "உனக்கு மாமன் மொறை இல்ல."

"தெரியுமுங்க" என்றார் கருப்பணன். "இது போன புள்ளைக்கு வாங்குனதுங்க. கொடுக்க எடமில்லாமயே கெடந்துச்சு."

ஜெபமணி சிஸ்டர் பிள்ளையைக் காட்டி, வாயில் வைக்கக் கூடாது என்று கையை ஆட்டினாள், அந்த நிலைமையிலும். கருப்பணன் தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சுக்மதியின் கையில் வைத்தார். சுக்மதி அவரைப் பார்த்தாள், மீசை இருந்த இடத்தைப் பார்த்தாள், அது என்ன சீர் என்று மங்ரூ சொல்ல ஆரம்பித்ததை வேண்டாம் என்று நிறுத்தினாள். ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொரு துண்டைக் கருப்பணன் கையில் திருப்பி வைத்தாள். இருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, தரையில் அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஜெபமணி சிஸ்டரின் முகத்தைத் திருப்பி, கத்திக் கத்திக் கட்டிப்போன அந்தத் தொண்டைக்காக, வாயில் வைத்துவிட்டாள்.

சிஸ்டர் அதைக் கடிக்கவில்லை. கரைகிறவரைக்கும் பேசாமல் வாயிலேயே வைத்திருந்தாள்.